ஆகாயத்துக்கு எஜமானர் யார்? (அத்தியாயம் 7)

கம்பித் தந்தியை ஒழுங்குபடுத்தும் பொருட்டு 1865-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் இருபது ராஜ்யங்களின் பிரதிநிதிகள் கூடி ஒரு சங்கத்தை நிறுவியதையும், அதன் காரியாலயம் பின்னர் ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரத்தில் அமைந்ததையும், எல்லைக்கு எல்லை தாளில் எழுதிக் கைமாற்றிக் கொடுக்கப்பட்டு வந்த செய்தி அதன் பிறகு தங்குதடையின்றி ஓடத் தொடங்கியதையும் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். அந்தச் சங்கத்தின் விதிகளுக்கெல்லாம் ஆதாரமாயிருந்தது கம்பி என்ற ஸ்தூலமான பொருள். அது ஏதேனும் ஒரு தேசத்தின் மண்ணில் நட்ட மரத்தின்மேல் ஓடிற்று. ஆதலால் அதற்குக் காவல் வைக்கவும், கட்டணம் விதிக்கவும், வேண்டாதபோது அறுத்தெறியவும் அந்தத் தேசத்து சர்க்காருக்கு இயன்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், அந்தக் கம்பியே வேண்டுவதில்லை என்று சொல்லிக்கொண்டு ஒரு புதிய யந்திரம் வந்து சேர்ந்தபோது, சட்டம் கற்றவர்களும் ராஜதந்திரிகளும் திகைத்துப் போனதில் வியப்பில்லை.

குலியெல்மோ மார்க்கோனி 1874-இல் இத்தாலியில் பொலோஞா நகரத்தில் பிறந்தவர். தம் கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டு 1896-இல் இங்கிலாந்துக்கு வந்து, அடுத்த ஆண்டிலேயே ஒரு கம்பெனியையும் ஆரம்பித்தார். அவருடைய விஞ்ஞானத் திறமையைப் பேசும் புத்தகங்கள் பல உண்டு. அவருடைய வியாபாரத் திறமை அதற்குச் சற்றும் குறைந்ததல்ல என்பதே நம் சரித்திரத்துக்கு வேண்டிய விஷயம். பிரிட்டனில் காசு வாங்கிக்கொண்டு தந்தி அனுப்பும் உரிமை தபால் இலாகாவின் ஏகபோகமாக இருந்தது. அந்தச் சட்டத்தின் பிடியில் அகப்படாமலிருக்கக் கம்பெனி ஒரு வழி கண்டது. கப்பல் முதலாளிகளுக்கு அது யந்திரத்தை விற்கவில்லை. யந்திரத்தையும் அதை இயக்கும் ஆளையும் சேர்த்து வாடகைக்கு விட்டது. மேல்தளத்துச் சிற்றறையில் காதுக்குழாயை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த இளைஞன் கப்பல் தலைவனுக்குக் கட்டுப்பட்டவன்தான் என்றாலும், அவனை அமர்த்தியதும் அவன் அனுசரிக்க வேண்டிய விதிகளை எழுதியதும் கம்பெனியே. ஆபத்துக் காலம் நீங்கலாக, மார்க்கோனி யந்திரம் இல்லாத எந்தக் கப்பலோடும் எந்தக் கரையோடும் பேசலாகாது என்பது அவ்விதிகளில் தலையானது. 1901-இல் கப்பல்களின் வரவு போக்கை உலகெங்கும் கவனித்து அறிவிக்கும் லாயிட்ஸ் ஸ்தாபனமும் மார்க்கோனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி, கார்ன்வால் கரையிலுள்ள போல்டுவிலிருந்து அனுப்பிய மூன்று புள்ளிகளை அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்தில் தாம் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார்.

தன் கிணற்றுக்குத் தண்ணீர் மொள்ள வந்தவனிடம், உன் குடத்தை வனைந்த குயவன் யார் என்று விசாரித்துத் திருப்பி அனுப்புவது போன்ற இந்த விதி, கேட்ட மாத்திரத்தில் அநியாயமாகவே தோன்றும். ஆனால் கம்பெனியின் பட்சத்திலும் ஒரு வாதம் இருந்தது. கடற்கரைகளில் உயர்ந்த கம்பங்களை நாட்டி நிலையங்களை அமைத்தது அதன் சொந்த முதல். பெருஞ்செலவு செய்து, பல ஆண்டுகள் லாபமே காணாமல், தான் கட்டிய நிலையங்களின் பயனைப் போட்டிக்காரர்கள் ஒரு காசும் செலவிடாமல் அனுபவிப்பதை எந்த வியாபாரிதான் சகிப்பான்? கிணறு வெட்டியவனுடைய நியாயமும் தாகத்தோடு வந்தவனுடைய நியாயமும் மோதிக்கொள்ளும் இடத்தில்தான் சர்வதேசச் சட்டம் தலையிட வேண்டியதாயிற்று.

இந்த விதி அரச குடும்பத்தாருக்கும் விலக்களிக்கவில்லை என்பது 1902-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிப்பட்டது. ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்முக்காக அமெரிக்காவில் கட்டப்பட்ட 'மீட்டியர்' என்ற உல்லாசப் படகின் வெள்ளோட்டத்துக்கு, அவருடைய தம்பி ஹைன்ரிஷ் இளவரசர் சென்றிருந்தார். ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்டின் புதல்வி ஆலிஸ் படகுக்குப் பெயர் சூட்டினாள். விருந்துகளும் ஊர்வலங்களும் தடபுடலாக நடந்தன. போகும்போது இளவரசர் ஏறிய கப்பலில் இருந்தது மார்க்கோனி யந்திரம். திரும்பும்போது ஏறிய 'டாய்ச்லாந்து' கப்பலிலோ, பேராசிரியர் ஸ்லாபியும் ஆர்க்கோ பிரபுவும் அமைத்த ஜெர்மன் யந்திரம். விருந்தளித்த ஜனாதிபதிக்கு நடுக்கடலிலிருந்து நன்றி கூறி ஒரு வார்த்தை அனுப்ப இளவரசர் விரும்பினார். கரையிலிருந்த மார்க்கோனி நிலையம் அதை ஏற்க மறுத்துவிட்டது. இந்த ஸ்லாபி யார் என்றால், 1897-இல் பிரிஸ்டல் கால்வாயின் குறுக்கே மார்க்கோனி நடத்திய சோதனைகளை விருந்தாளியாக இருந்து கண்ணாரக் கண்டு, பெர்லின் திரும்பியதும் அதே வித்தையில் இறங்கியவர். கம்பெனிக்கு அவர்மேல் பிரியம் இல்லாமற் போனதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

ஜெர்மனியில் கோபம் மூண்டது. ஆனால் அந்தக் கோபத்தின் வேர் இளவரசரின் நன்றிச் செய்தியைக் காட்டிலும் ஆழமானது. சமுத்திரங்களின் அடியில் கிடந்த தந்திக் கம்பிகளிற் பெரும்பாலானவை பிரிட்டிஷ் கம்பெனிகளுடையவை. 1902-இல் பசிபிக் கம்பியும் போட்டு முடிந்ததும், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் செய்தி அந்நியர் மண்ணை மிதிக்காமலே உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரலாயிற்று. கடலடியில் இழந்ததை ஆகாயத்திலும் இழக்கச் சக்கரவர்த்திக்கு மனமில்லை. ஒரு பக்கம், வழக்காடிக்கொண்டிருந்த இரண்டு ஜெர்மன் கம்பெனிகளை அவருடைய சர்க்கார் ஒன்றுசேர வைத்ததன் பயனாக, 1903 மே மாதத்தில் டெலிபுங்கன் என்ற ஸ்தாபனம் பிறந்தது. மறுபக்கம், அதே ஆண்டு ஆகஸ்டில் பெர்லினில் கூடுமாறு வல்லரசுகளுக்கு அழைப்புப் போயிற்று. போட்டிக் கம்பெனியைத் தோற்றுவித்த கையே போட்டியின் நியாயத்தைப் பற்றிப் பேசச் சபையும் கூட்டியது. ஜெர்மனி அன்று வற்புறுத்திய கொள்கை சரியானது என்பது என் துணிபு. அதை வற்புறுத்தத் தூண்டிய எண்ணம் உயர்ந்தது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மாநாடு கூடுவதற்கு இரண்டு மாதம் முன்பு லண்டனில் ஒரு வேடிக்கை நடந்தது. ராயல் இன்ஸ்டிடியூஷன் மண்டபத்தில், மார்க்கோனியின் ஆலோசகரான பேராசிரியர் பிளெமிங், கம்பியில்லாத் தந்தியைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். போல்டுவிலிருந்து மார்க்கோனியே அனுப்பும் செய்தியை முடிவில் சபையோருக்குப் பெற்றுக் காட்டுவதாக ஏற்பாடு. அந்தச் செய்தி வருவதற்கு முன்னரே யந்திரம் தானாகத் தட்டத் தொடங்கி, "எலி, எலி" என்ற பொருளுடைய வசைச் சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதி, மார்க்கோனியைக் கேலி செய்யும் அடிகளையும் கூடவே எழுதிற்று. மாஸ்கலின் என்ற பெயர்பெற்ற மாயாஜாலக் குடும்பத்தைச் சேர்ந்த நெவில் மாஸ்கலின் அருகிலுள்ள ஒரு கட்டடத்திலிருந்து செய்த காரியம் அது. பிளெமிங் பத்திரிகைக்குக் கோபமாகக் கடிதம் எழுதினார். மாஸ்கலின் சற்றும் தயங்காமல் தாமே செய்ததாக ஒப்புக்கொண்டார். தன் யந்திரங்கள் தமக்குள் மாத்திரமே பேசிக்கொள்ளும், அயலார் குறுக்கிட முடியாது என்று கம்பெனி பறைசாற்றி வந்தது எவ்வளவு தூரம் மெய் என்பதை ஊரார் அன்று கண்டார்கள்.

1903 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெர்லினில் கூடிய பூர்வாங்க மாநாட்டில் ஒன்பது தேசங்கள் கலந்துகொண்டன. எந்த யந்திரத்தை உபயோகித்தாலும் கரைநிலையங்கள் கப்பல்களின் செய்தியை ஏற்றே தீரவேண்டும் என்ற தீர்மானத்துக்கு ஏழு தேசங்கள் இணங்கின. பிரிட்டனும் இத்தாலியும் பின்வாங்கின. இத்தாலிய சர்க்கார் மார்க்கோனியோடு செய்த ஒப்பந்தத்தால் தன் கையைத் தானே கட்டிக்கொண்டிருந்தது. பிரிட்டனின் சங்கடம் வேறு வகை. ஒரு தனிக் கம்பெனியைக் கட்டுப்படுத்துவதாக வெளிநாட்டாருக்கு வாக்களிக்க வேண்டுமானால், அதைக் கட்டுப்படுத்தும் சட்டம் முதலில் வீட்டில் இருக்கவேண்டுமல்லவா? அது இல்லை. அடுத்த ஆண்டில் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றி, லைசென்ஸ் இல்லாமல் எவரும் கம்பியில்லாத் தந்தி நிலையம் வைக்கலாகாது என்று விதித்தது. உலகச் சட்டம் தன் வாசலைத் தட்டிய பிறகே உள்நாட்டுச் சட்டம் விழித்துக்கொண்ட இந்த விபரீத வரிசையை இத்தொடரில் இனியும் பலமுறை காணப் போகிறோம்.

இதற்கிடையே பண்டிதர்கள் வேறொரு கேள்வியில் மூழ்கியிருந்தார்கள். ஒரு ராஜ்யத்தின் தலைக்கு மேலுள்ள ஆகாயம் அதற்குச் சொந்தமா? அந்நியனுடைய அலை அதன் வழியே போகலாமா? சர்வதேசச் சட்டக் கழகத்தார் 1906-இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்தில் கூடி இதை ஆராய்ந்தபோது, பிரெஞ்சு அறிஞர் போல் போஷீய், ஆகாயம் எவருக்கும் கட்டுப்படாதது என்றும், தன் பாதுகாப்புக்கு இன்றியமையாத அளவுக்கு மேல் எந்த ராஜ்யத்துக்கும் அதில் பாத்தியதை இல்லை என்றும் வாதித்தார். இங்கிலாந்தின் ஜான் வெஸ்ட்லேக், ஆகாயம் கீழிருக்கும் ராஜ்யத்துக்கே உரியது, பலூனும் தந்தி அலையும் தீங்கின்றிக் கடந்து போக வழிவிட்டால் போதும் என்றார். போஷீயின் பட்சமே வென்றது. ஆயினும், சில வாரங்களில் பெர்லினில் கூடிய ராஜதந்திரிகளுக்கு இந்த வெற்றியால் பெரிய உபயோகம் ஒன்றும் விளையவில்லை. ஆகாயம் யாருடையது என்ற விசாரணையை அவர்கள் தொடவே இல்லை. கூப்பிட்டால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதை மாத்திரம் எடுத்துக்கொண்டார்கள்.

1906 அக்டோபர் 3 முதல் நவம்பர் 3 வரை நடந்த அந்த மாநாட்டின் முடிவில் 27 தேசங்கள் கையெழுத்திட்டன. கரைநிலையமும் கப்பல் நிலையமும் யந்திர பேதம் பாராட்டாமல் செய்தியைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். ஆபத்தில் சிக்கிய கப்பலின் கூப்பாட்டுக்கு மற்றெல்லாவற்றுக்கும் முந்திய இடம் கொடுக்க வேண்டும். பொதுஜனங்களின் செய்திக்கு 300 மீட்டரும் 600 மீட்டரும் நீளமுள்ள அலைகளை உபயோகிக்க வேண்டும். விவரங்களையெல்லாம் பெர்ன் காரியாலயம் திரட்டி வெளியிட வேண்டும். மூன்று புள்ளி, மூன்று கோடு, மறுபடி மூன்று புள்ளி என்ற அபாய சங்கேதம், ஜெர்மனி முந்திய ஆண்டில் தன் நிலையங்களுக்கு விதித்திருந்ததிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. மார்க்கோனி ஆட்கள் 'சி.க்யூ.டி.' என்ற தங்கள் சொந்த சங்கேதத்தையே பின்னும் பல ஆண்டுகள் தட்டிக்கொண்டிருந்தார்கள். உடன்படிக்கை 1908 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது.

ஆனால் இரண்டு ஓட்டைகள் இருந்தன. கப்பலும் கப்பலும் தம்முள் பேசிக்கொள்ள வேண்டும் என்பதையும் கட்டாயமாக்க அமெரிக்கப் பிரதிநிதிகள் எவ்வளவோ முயன்றார்கள். பிரிட்டன், இத்தாலி, ஜப்பான் முதலிய சில தேசங்கள் இணங்காமையால், அது விரும்பினவர் மாத்திரம் ஒப்பமிடும் தனிப் பத்திரமாக ஒதுக்கப்பட்டது. இது கண்ணுக்குத் தெரிந்த ஓட்டை. அன்று எவரும் அவ்வளவாகக் கவனிக்காத மற்றொன்று உண்டு: கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதினார்களே தவிர, கூப்பிடுகிறார்களா என்று ஒருவன் இராப்பகலாகக் காதுகொடுத்துக் கொண்டிருக்க வேண்டும் என்று எழுதவில்லை.

நடுவே வந்த சில ஆண்டுகள் புதிய வித்தைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தன. 1909 ஜனவரியில் 'ரிபப்ளிக்' என்ற கப்பல் மூடுபனியில் மோதுண்டபோது, உடைந்துபோன அறையில் குளிரில் விறைத்தபடி ஜாக் பின்ஸ் தட்டிய செய்தியால் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் உயிர் தப்பினார்கள். அந்த ஆண்டிலேயே பிரிட்டிஷ் தபால் இலாகா கம்பெனியின் கரைநிலையங்களை 15,000 பவுனுக்கு வாங்கிக்கொண்டது. 1910-இல், மனைவியைக் கொன்றதாகத் தேடப்பட்ட டாக்டர் கிரிப்பன், பையன் வேஷம் போட்ட காதலியோடு ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் 'மாண்ட்ரோஸ்' கப்பலேறிக் கனடாவுக்குப் புறப்பட்டார். தகப்பனும் மகனும் கைகோத்துக்கொண்ட விதத்தில் சந்தேகப்பட்ட கப்பல் தலைவர் கெண்டால் கரைக்குச் செய்தி அனுப்பவே, லண்டன் போலீஸ் இன்ஸ்பெக்டர் டியூ அதனினும் வேகமான மற்றொரு கப்பலில் பாய்ந்து சென்று, குற்றவாளிக்கு முன்னரே மறுகரை சேர்ந்து காத்திருந்தார். பத்திரிகை படிப்பவர் அனைவருக்கும் தெரிந்த சமாசாரம் அந்தக் கப்பலில் தம்மைச் சுற்றி இருந்தவர்களுக்குத் தெரியாது என்றே கிரிப்பன் நம்பிக்கொண்டிருந்தார். தளத்தில் உட்கார்ந்து தலைக்கு மேலிருந்த கம்பியை அண்ணாந்து பார்த்து, என்ன அற்புதமான கண்டுபிடிப்பு என்று அவர் வியந்ததாகக் கெண்டால் சொல்லியிருக்கிறார். ஜூலை 31-ஆம் தேதி கைதானவர் நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். நீதியின் கை நடுக்கடல் வரையில் நீண்டதைக் கண்டு உலகம் மெச்சிற்று. தன் சொல் எவர் காதில் விழுகிறதென்று பிரயாணிக்குத் தெரியாத ஒரு காலம் தொடங்கியதை எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே.

கப்பலும் கப்பலும் பேச வேண்டுமென்று பெர்லினில் எல்லாரையும்விட உரக்கச் சொன்ன அமெரிக்கா, தான் கையெழுத்திட்ட உடன்படிக்கையை ஊர்ஜிதம் செய்யவே ஆறு ஆண்டு எடுத்துக்கொண்டது. ஊர்ஜிதம் செய்யாதவருக்கு அடுத்த மாநாட்டில் இடமில்லை என்று தெரிந்த பிறகுதான், 1912 ஏப்ரல் 3-ஆம் தேதி அந்நாட்டு செனட் சபை சம்மதம் அளித்தது. அதற்கு ஏழு நாளுக்குப் பின் 'டைட்டானிக்' ஸவுதாம்டனிலிருந்து புறப்பட்டது.

அந்தக் கப்பலின் கதையை அறியாதவர் இல்லை. நமக்கு வேண்டியது அதன் தந்தி அறை மாத்திரம். ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு, ஜாக் பிலிப்ஸ் என்ற மார்க்கோனி ஊழியர், யந்திரம் பழுதாகிக் கிடந்ததால் தேங்கிப் போயிருந்த பிரயாணிகளின் சொந்தச் செய்திகளைக் கேப் ரேஸ் நிலையத்துக்கு அனுப்புவதில் முழுகியிருந்தார். பதினொரு மணி சுமாருக்கு, அருகில் பனிக்கட்டிகளின் நடுவே நின்றுவிட்ட 'காலிபோர்னியன்' கப்பலின் ஊழியர் சிரில் இவான்ஸ், தாங்கள் பனியால் சூழப்பட்டு நிற்பதைச் சொல்லக் குறுக்கிட்டார். வேலையாயிருக்கிறேன், வாயை மூடு என்று பதில் வந்தது. இவான்ஸ் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பதினொன்றரை மணி அளவில் யந்திரத்தை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டார். அந்தக் கப்பலில் அவர் ஒருவரே தந்திக்காரர். அவர் தூங்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 11.40-க்கு டைட்டானிக் பனிமலையில் மோதிற்று. 58 மைலுக்கு அப்பால் 'கார்பேத்தியா'வின் ஹரால்ட் காட்டம் படுக்கைக்குப் போகும் தறுவாயில் இருந்தும், காதுக்குழாயை இன்னும் கழற்றாமலிருந்தபடியால் அந்தக் குரல் அவருக்குக் கேட்டது. எழுநூற்றுச் சொச்சம் பேர் பிழைத்தது காட்டம் அந்தச் சில நிமிஷம் விழித்திருந்ததால்; இவான்ஸ் தூங்கிப்போன கப்பல் மறுநாள் காலையில், எல்லாம் முடிந்த பிறகே வந்து சேர்ந்தது.

'பிராங்பர்ட்' என்ற ஜெர்மன் கப்பலும் அந்தக் கூப்பாட்டைக் கேட்டிருந்தது. என்ன நேர்ந்தது என்று அதன் தந்திக்காரர் மறுபடி விசாரித்தபோது, முட்டாளே, விலகி நில் என்று பிலிப்ஸ் அதட்டியதாக, உடனிருந்து உயிர் பிழைத்த ஹரால்ட் பிரைட் சாட்சி சொன்னார். அமெரிக்க செனட் சபையின் விசாரணையில் வில்லியம் ஆல்டன் ஸ்மித், கம்பெனிப் போட்டியே இந்த அலட்சியத்துக்குக் காரணமா என்று குடைந்து குடைந்து கேட்டார். ஆபத்தில் அத்தகைய பேதமே கிடையாது என்று மார்க்கோனி சொன்னார். விதி அப்படித்தான் இருந்தது. ஆனால் பத்து ஆண்டாக அயலாரோடு பேசாதே என்று பழக்கிய கை, ஒரு நள்ளிரவில், மரணத்தின் விளிம்பில், அந்தப் பழக்கத்தை எவ்வளவு தூரம் உதறியிருக்கும் என்பதை எந்த விசாரணைச் சபையால் அளந்து சொல்ல முடியும்? பிலிப்ஸ் கப்பலோடு முழுகிப் போனார். அவரைக் குறைகூற எனக்கு விருப்பமில்லை.

ஜூன் 4-ஆம் தேதி லண்டனில் மாநாடு கூடியபோது, ஆறு ஆண்டாக இழுபறியாயிருந்த விஷயம் வாதமே இல்லாமல் முடிந்தது. கப்பலும் கப்பலும் யந்திர பேதமின்றிப் பேசுவது கட்டாயமாயிற்று. பிரிட்டனும் இத்தாலியும் வாய் திறக்கவில்லை. கப்பல்களை வகுத்து, எவ்வெவற்றில் எவ்வளவு நேரம் காதுகொடுத்திருக்க வேண்டும் என்று விதித்தார்கள். நீண்ட செய்தி அனுப்புவோர் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி, மூன்று நிமிஷம் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. ஜூலை 5-ஆம் தேதி கையெழுத்தான அந்த உடன்படிக்கையில் பிரிட்டிஷ் இந்தியாவின் பெயரும் தனியே காணப்படுகிறது. குடியேற்ற நாடுகளையும் சேர்த்து ஒரு வல்லரசு ஆறு வாக்குவரை பெறலாம் என்ற விதியின் பயனே அது. இந்தியாவின் பெயரால் அங்கே பேனாவைப் பிடித்தவரை இந்தியர் எவரும் அனுப்பவில்லை. அமெரிக்கா அந்தக் கோடைக்காலத்திலேயே இரண்டு சட்டங்கள் இயற்றிற்று. ஒன்றினால் பெரிய கப்பல்களில் இரண்டு தந்திக்காரர்கள் மாறி மாறி விழித்திருக்க வேண்டியதாயிற்று. மற்றொன்று, டைட்டானிக் பத்திரமாக இழுத்துவரப்படுகிறது என்ற பொய்ச் செய்தி பரவக் காரணம் என்று ஏசப்பட்ட பொழுதுபோக்குக்காரர்களை 200 மீட்டர் அலைக்குள் ஒடுக்கிற்று. அந்தக் குட்டை அலை எதற்கும் உதவாதென்று அப்போது எல்லாரும் எண்ணினார்கள்.

1914 ஜனவரி 20-ஆம் தேதி, மெர்ஸி பிரபுவின் தலைமையில் லண்டனில் கூடிய மற்றொரு மாநாடு, கடலில் உயிர்க்காப்புக்கென்று தனி உடன்படிக்கை ஒன்றை முடித்து, இடைவிடாத காவலையும் அதில் சேர்த்தது. அது 1915 ஜூலையில் அமலுக்கு வரவேண்டியது. அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. 1906-இல் பெர்லினிலேயே, தரைப்படை கடற்படை நிலையங்களைப் பொறுத்தவரை தங்கள் பூரண சுதந்திரத்தை ராஜ்யங்கள் விட்டுக்கொடுக்காமல் ஒரு ஷரத்தில் காப்பாற்றிக்கொண்டிருந்தன; 1914 ஆகஸ்டில் அந்த ஒரு ஷரத்து மற்றெல்லா ஷரத்துகளையும் விழுங்கிற்று. அம்மாதம் 5-ஆம் தேதி விடியுமுன் பிரிட்டிஷ் கப்பலொன்று ஜெர்மனியின் கடலடிக் கம்பிகளை அறுத்துவிடவே, வெளியுலகத்தோடு பேச அந்நாட்டுக்குப் பெரும்பாலும் ஆகாயமே துணையாயிற்று. 1917-இல் வாஷிங்டனில் கூடுவதாகத் திட்டமிட்டிருந்த அடுத்த மாநாடு 1927-இல்தான் கூட முடிந்தது. அதற்குள் புள்ளியும் கோடும் போன வழியிலே பாட்டும் பிரசங்கமும் வீட்டுக் கூடங்களுக்குள் வரத் தொடங்கியிருந்தன. அங்கே எழுந்த வழக்குகள் முற்றிலும் வேறு வகையானவை. அவற்றை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.